பாடி எர்த்: பழைய கார்களின் மறந்துபோன பாதிச் சுற்று

மோட்டார் காரின் மின்சுற்றில் ஒயரால் ஆனது பாதிதான். மறுபாதி அதன் இரும்புத் தகடு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஃப்யூஸ், சுவிட்ச், பல்பு எனத் தனக்கு ஒதுக்கப்பட்ட ஒயர் வழியே சென்றாலும், திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி ஒயர் இல்லாமல், கார் உடலின் தகட்டையும் எஞ்சினின் உலோகத்தையும் பொதுப் பாதையாகக் கொண்டு எதிர்முனையை அடைகிறது. இந்தத் திரும்பு பாதையையே தமிழ்நாட்டுப் பட்டறைகளில் 'எர்த்' என்றும் 'பாடி எர்த்' என்றும் குறிப்பிடுகின்றனர். வீட்டு மின்னிணைப்பில் எர்த் என்பது மண்ணில் புதைத்த தகட்டோடு முடியும் பாதுகாப்புக் கம்பி. நான்கு ரப்பர் டயர்களின்மேல் நிற்கும் காருக்கு மண்ணோடு அத்தகைய தொடர்பு எதுவும் கிடையாது என்பதால், இங்கே அச்சொல் பெயரளவில் மட்டுமே எர்த், பொருளளவில் அது மின்னோட்டத்தின் வீடு திரும்பும் வழி.

இந்தப் பொதுப் பாதை பழுதடையும்போது அதன் விளைவு எப்போதும் வேறொரு பொருளின் குற்றம் போலவே வெளிப்படுவதால், பேட்டரி வலுவிழந்துவிட்டது என்று புதிய பேட்டரியும், செல்ஃப் மோட்டார் தேய்ந்துவிட்டது என்று புதிய கார்பன் பிரஷ்ஷும், மீட்டர் கெட்டுவிட்டது என்று பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு மீட்டரும் வாங்கிப் பொருத்தப்படுகின்றன. அவற்றைப் பொருத்தும் வேலையில் ஏதோ ஓர் எர்த் போல்ட்டும் கழற்றி மாட்டப்படுவதால் குறை சில வாரங்கள் மறைந்துவிட, மாற்றிய பொருள்தான் தீர்வு என்ற நம்பிக்கை அதற்குள் உறுதிப்பட்டுவிடுகிறது. இருபது முப்பது ஆண்டு ஓடிய காரில் மின்குறை எது தோன்றினாலும் முதலில் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும், அந்தச் சந்தேகத்தைக் கையால் ஆட்டிப் பார்த்துத் தீர்க்காமல் அளந்து தீர்க்க வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எஃகு தாமிரத்தைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு மின்தடை உடையது. எனினும் கார் உடலின் தகடு எந்தக் கேபிளையும்விடப் பன்மடங்கு அகலமானது என்பதால் தகட்டின் தடை கவலைக்குரியதன்று. குறை நேர்வது தகட்டோடு கேபிள் சேரும் இடத்தில், அதாவது கேபிள் முனையிலுள்ள வளைய வடிவ 'லக்' ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும் அந்த ஒரு ரூபாய் நாணய அளவிலான பரப்பில். இரு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும் அவை நுண்ணிய மேடுகளின் உச்சிகளில் மட்டுமே மெய்யாகத் தொட்டுக்கொள்கின்றன என்பதையும், மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளில் நெருக்கியடித்துக் கடக்க வேண்டியிருப்பதால் ஒரு கூடுதல் தடை பிறக்கிறது என்பதையும் மின்தொடுகை பற்றிய அறிவியலுக்கு அடித்தளமிட்ட ராக்னர் ஹோம் விரிவாக ஆராய்ந்து விளக்கினார். அந்தப் புள்ளிகளுக்கிடையே இரும்பின் துருவோ, செம்பின் களிம்போ, பெயிண்ட் படலமோ புகுந்துவிட்டால் தொடும் இடங்கள் மேலும் குறைகின்றன; உப்பு கலந்த ஈரம் படியும்போது செம்பும் இரும்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல் செயல்பட்டு, அதில் இரும்பு கரைந்துகொண்டே போகிறது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்றில் நிறுத்தப்படும் கார் உள்நாட்டுக் காரைவிட விரைவில் இந்தக் கதிக்கு ஆளாவது இதனால்தான்.

தடை என்று சொல்லும்போது அது எவ்வளவு சிறிய அளவு என்பதை உணர்வது தேவை. செல்ஃப் மோட்டார், அதாவது எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் மோட்டார், ஒரு சிறிய காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. அது 150 ஆம்பியர் இழுக்கும்போது எர்த் இணைப்பில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்குத் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கே வீணாகி, 225 வாட் வெப்பமாக மாறுகிறது. இது 25 வாட் சால்டரிங் அயன் ஒன்பதை ஒரே போல்ட்டின்மேல் வைத்ததற்குச் சமம். சில விநாடிகள் செல்ஃப் அடித்தபின் எந்த இணைப்பு கையைச் சுடுகிறதோ அதுவே குற்றவாளி என்று பழைய எலக்ட்ரீஷியன்கள் கொண்டிருக்கும் வழக்கம், இந்தக் கணக்கை எழுதாமலே கண்டறிந்த அறிவு. ஹெட்லைட்டின் கணக்கு வேறு வகையானது. 55 வாட் ஹாலோஜன் பல்பு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர்தான் கொள்கின்றன. ஆனால் இரண்டுக்கும் பொதுவான எர்த்தில் 0.2 ஓம் தடை இருந்தால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் குறைந்துவிடும். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறையாமல் அதைவிட மிக வேகமாகக் குறைவதால், அந்த ஒன்றரை வோல்ட் இழப்பு ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. இரவில் எதிரே உள்ள சாலை மஞ்சளாக மங்கித் தெரிவதற்குக் கண்ணாடியையும் பல்பையும் குறை சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எர்த் புள்ளிகள் எங்கே இருக்கும் என்பது காரின் கட்டுமானத்தைப் பொறுத்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து உருவாகி 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரிலும், 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800-இலும் தகடுகள் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு ஒரே கூடாக அமைந்திருப்பதால், உடலின் ஒரு மூலையில் சேர்ந்த மின்னோட்டம் மறுமூலைக்குத் தடையின்றிச் செல்லும். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இல் வெளியிடத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படிப்பட்டதன்று. பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டைப் போலவே அதற்குத் தனி சேஸிஸ் உண்டு, உடலின் பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை, ஹெட்லைட்டுகளைத் தாங்கும் முன்பகுதி முழுவதுமே பானட்டாக முன்னோக்கித் திறக்கும். கிரீஸும் பெயிண்ட்டும் மூடிய கீல்களை மின்பாதையாக நம்ப முடியாத இத்தகைய அமைப்பில் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சந்தேகப் புள்ளி என்பதால், ஹெரால்டு வைத்திருப்பவரின் பொறுமை அம்பாசடர்காரரின் பொறுமையைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஒரு செய்தி உண்டு. அதிர்வைத் தடுக்க எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின்மேல் அமர்த்தப்படுகிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே தடித்த கேபிளோ பின்னல் பட்டையோ கட்டாயம் தேவை. பின்னல் பட்டை என்பது நுண்ணிய செம்புக் கம்பிகளை ஜடைபோல் பின்னிய தட்டையான பட்டை. எஞ்சினின் ஆட்டத்துக்கு வளைந்து கொடுப்பது அதன் சிறப்பு, இழைகளுக்கிடையே தண்ணீரைத் தேக்கிவைத்து உள்ளுக்குள்ளேயே களிம்பேறிப் போவது அதன் குறை. இந்தப் பட்டை அறுந்தாலோ, கிளட்ச் வேலைக்காகக் கழற்றிய மெக்கானிக் திரும்ப மாட்ட மறந்தாலோ, மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை. உடலையும் எஞ்சினையும் இணைக்கும் வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியே பாய்கிறது. கார்புரேட்டர் கார்களில் அந்த உலோகம் பெரும்பாலும் ஆக்ஸிலேட்டர் கேபிள் அல்லது சோக் கேபிள். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளின் மேலுறை உருகிப் புகைவதும், உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டு இழுக்க வராமல் போவதும் பேய் வேலையன்று, எர்த் பட்டை இல்லாததன் நேரடி விளைவு. மாதக்கணக்கில் கேபிள்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது இந்தக் குறைக்குச் செய்யப்படும் மிக வீணான செலவு.

பின்விளக்குகளில் தோன்றும் அறிகுறி இன்னும் விசித்திரமானது. பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து கண்சிமிட்டுவது ஆகியவற்றைக் கண்டு ஒயரிங் முழுவதும் குழம்பிவிட்டதாக எண்ணுவது வழக்கம். பின்விளக்கு பல்பில் பிரேக்குக்கு 21 வாட் இழையும் பார்க்கிங்குக்கு 5 வாட் இழையும் ஒரே கண்ணாடிக்குள் இருந்து, எர்த்தை மட்டும் பல்பின் உலோக அடிப்பகுதி வழியே பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பொது எர்த் அடைபட்டுவிட்டால், பிரேக் இழையைக் கடந்த மின்னோட்டம் திரும்ப வழியின்றி, பக்கத்து இழையின் வழியே தலைகீழாக ஏறி, பார்க்கிங் ஒயரைப் பிடித்துக்கொண்டு மற்ற விளக்குகளின் எர்த்தைத் தேடிச் செல்கிறது. மின்சாரம் வழி தவறவில்லை, திறந்திருந்த ஒரே வழியில்தான் சென்றது.

மீட்டர்களில் எர்த் குறை இரு எதிர்த் திசைகளில் பொய் சொல்லும். 1960-களின் பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் மீட்டருக்கும் வெப்ப மீட்டருக்கும் பின்னால் 'வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர்' எனப்படும் சிறு பெட்டி உண்டு. அதனுள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி விலகியும் ஆறிச் சேர்ந்தும், மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் செல்லுமாறு பார்த்துக்கொள்கிறது. பட்டையைச் சூடாக்கும் சுருளின் எர்த் அந்தப் பெட்டியின் உறைதான். உறைக்கும் டாஷ்போர்டுக்கும் இடையே தொடர்பு விட்டுப்போனால் பட்டை சூடாகவே ஆகாது, பேட்டரியின் மின்னழுத்தம் முழுவதும் மீட்டர்களுக்குச் செல்லும், எஞ்சின் குளிர்ச்சியாக இருந்தாலும் வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் ஒருசேர மேலே ஏறும். மாறாக, டாங்க்கில் மிதவையோடு சேர்ந்த உணர்கருவியின் எர்த் கெட்டால் சுற்றில் தடை கூடுவதால், இவ்வகைக் கார்களில் டாங்க் நிறைந்திருந்தும் முள் கீழே இறங்கி நிற்கும். இரு முள்ளும் ஒன்றாகப் பொய் சொல்கின்றனவா, ஒன்று மட்டும் சொல்கிறதா என்று கவனித்தாலே தேட வேண்டிய இடம் டாஷ்போர்டா டிக்கியா என்பது தெரிந்துவிடும்.

தேடலில் ஒயரின் நிறம் உதவுகிறது. லூகாஸ் நிறுவனத்தின் வழியே பிரிட்டிஷ் கார்களில் வேரூன்றிய நிற மரபில் கறுப்பு என்றால் எர்த், பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு. (அந்த லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆலை சென்னையில் அமைந்திருக்கும் ஊரின் பெயரும் பாடி என்பது பாடி எர்த் பேசுவோருக்குக் கிடைத்த இனிய தற்செயல்.) கறுப்பு ஒயர்களைக் கையால் பின்தொடர்ந்தால் அவை சில இடங்களில் திரும்பத் திரும்பக் கூடுவதைக் காணலாம்: ஹெட்லைட்டுகளுக்குப் பின்புறம் உள்மட்கார்டில், ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குத் தகட்டில், பேட்டரித் தட்டின் அருகில், டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் சட்டத்தில், டிக்கிக்குள் பின்விளக்கின் பக்கத்தில். இவற்றுள் பேட்டரித் தட்டின் அருகிலுள்ளது அமிலத்தாலும், உள்மட்கார்டில் உள்ளது சக்கரம் வாரியடிக்கும் சேற்றாலும் முதலில் கெடுகின்றன. இவற்றையெல்லாம்விட மோசமான பகை டிங்கரிங்கும் பெயிண்ட்டிங்கும். பழைய காரை அழகாக்க முழுப் பெயிண்ட் அடிக்கும்போது எர்த் புள்ளிகளின்மேல் பிரைமரும் பெயிண்ட்டும் சேர்ந்து படிந்து, அதன்மேலேயே லக்கை வைத்துத் திருகிவிடுவதால், பளபளக்கும் கார் பட்டறையை விட்டு வெளியே வந்த மறுநாளே விளக்குக் குறைகளோடு திரும்புகிறது.

இனி அளவீடு. தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் நேரடியாக அளக்க முற்படுவது பயனற்றது. ஏனெனில் தேடப்படுவது ஓமின் நூறில் ஒரு பங்கு, சாதாரண மீட்டரின் சோதனை ஒயர்களுக்கே அதைவிடப் பன்மடங்கு தடை உண்டு. மேலும் நூறு இழைகளில் இரண்டு மட்டுமே அறாமல் எஞ்சிய கேபிளும் ஓம் அளவில் நல்ல கேபிளாகவே தோன்றும். சரியான முறை, சுமை ஓடும்போது இணைப்பின் இரு புறமும் எவ்வளவு மின்னழுத்தம் வீணாகிறது என்று பார்ப்பது. இதனை மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை என்பர். எஞ்சின் கிளம்பாதபடி காயிலுக்குச் செல்லும் இக்னிஷன் ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனை ஈயத் தூணின் மேலேயே, அதைப் பிடிக்கும் கிளாம்ப்பில் அல்லாமல், அழுத்திப் பிடித்து, மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் வைத்துக்கொள்ள, உதவிக்கு ஒருவர் மூன்று நான்கு விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று, 0.5-ஐத் தாண்டினால் நிச்சயமாகக் கெட்டது. அதன்பின் ஈயத் தூணிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து கேபிளின் லக், லக்கிலிருந்து எஞ்சின் என்று முனைகளை ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டு போனால், எண் எங்கே துள்ளி ஏறுகிறதோ அந்த இணைப்பு அகப்பட்டுவிடும். விளக்குகளுக்கும் இதே முறைதான், ஆனால் அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் பொறுக்கலாகாது.

மீட்டர் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. பேட்டரி இறங்கிய காரைத் தொடக்க உதவும் ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சினின் உலோகத்துக்குத் தற்காலிகமாக மாட்டிச் செல்ஃப் அடித்து, முன்பு முனகியது இப்போது சுறுசுறுப்பாகச் சுழன்றால், குறை எர்த்தில்தான் என்று வேறு சாட்சி தேவையில்லை.

சுத்தம் செய்வதற்குமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும், அதிலும் உடலோடு சேர்ந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். அப்படிச் செய்தபின் மறுமுனையில் வைத்த ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் சுற்று முழுமையடையாததால் தீப்பொறி எழாது. திரும்ப மாட்டும்போது அதே முனை கடைசி. இன்றைய கார்களில் அது எதிர்முனை என்றாலும், 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு சேர்க்கப்பட்டிருந்ததால், அத்தகைய காரைத் தொடுபவர் பழக்கத்தை நம்பாமல் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

போல்ட்டைக் கழற்றியபின் சுத்தமாக வேண்டியவை லக்கின் இரு முகங்களும், வாஷரும், போல்ட் தலையின் அடிப்பகுதியும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தகட்டின் மேற்பரப்பும். கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்து, உப்புத்தாளால் லக்கைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகத் தேய்த்து, இரும்பு வெள்ளையாக மின்னும் வரை கொண்டுவர வேண்டும். கறுத்த புள்ளிகள் எஞ்சியிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். போல்ட்டுக்கும் லக்குக்கும் இடையே மட்டும் தேய்த்துவிட்டு லக்கின் அடிமுகத்தை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு, ஏனெனில் மின்னோட்டம் பெருமளவில் லக்கிலிருந்து நேரே தகட்டுக்குப் பாய வேண்டியதே தவிர மரை வழியே சுற்றிச் செல்ல வேண்டியதன்று. பற்கள் கொண்ட ஸ்டார் வாஷர் ஒன்று சேர்ப்பது நன்று. அதன் பற்கள் உலோகத்துக்குள் கடித்து இறங்குவதால் அதிர்விலும் போல்ட் தளர்வதில்லை. மெல்லிய தகட்டில் மரை தேய்ந்துபோன ஸ்குரூவை இன்னும் பெரிய ஸ்குரூவால் மாற்றிக்கொண்டே போவதைவிட, தகட்டின் பின்புறம் நட்டு வைத்துப் போல்ட் போடுவது நிலையான தீர்வு. பேட்டரி முனையில் படியும் வெண்பச்சைத் தூளைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம், கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் டாங்க்கின் எர்த்தைத் தொடும்போது மின்கருவியால் தேய்ப்பதை அறவே தவிர்த்து, உப்புத்தாளால் கையால் தேய்ப்பதே முறை.

கிரீஸ் தடவுவது பற்றி இரு கட்சிகள் உண்டு. தடவிவிட்டு இறுக்கினால் அழுத்தத்தில் கிரீஸ் பிதுங்கி வெளியேறி உலோகம் உலோகத்தைத் தொடும் என்பது ஒரு கட்சி. கிரீஸும் வாசலினும் மின்கடத்திகள் அல்ல, ஆகவே உலர்ந்த நிலையில் இறுக்கிவிட்டு வெளிப்புறத்தை மட்டும் மூட வேண்டும் என்பது மறுகட்சி. அழுத்தம் போதிய அளவில் உள்ள பெரிய போல்ட்டுகளில் இரண்டுமே பலன் தருகின்றன என்றாலும், சிறிய ஸ்குரூக்கள் நிறைந்த பழைய காரில் இரண்டாவது முறையே ஐயத்துக்கு இடமற்றது. இறுக்கியபின் வாசலினைத் தாராளமாகப் பூசினால் ஈரம் அண்டாது.

புள்ளியைத் தேய்த்து முடித்தும் அளவு குறையாவிட்டால் ஒயரையே சந்தேகிக்க வேண்டும். லக் பிடித்திருக்கும் இடத்தில் நுழைந்த ஈரம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், இழைகளுக்கிடையே ஏறி உறைக்குள் வெகுதூரம் செம்பைக் கறுக்க வைத்துவிடும். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்களில் இது மிகுதி. உறையைச் சீவிப் பார்த்து, செம்பு செந்நிறமாகத் தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய லக்கை அழுத்திப் பொருத்துவதே வழி. வெறும் ஈயம் வைத்து ஒட்டினால், ஈயம் முடிந்து இழை தொடங்கும் விளிம்பில் அதிர்வு தாங்காமல் ஒயர் ஒடியும்.

எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை வந்தபின் எர்த்துக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் தன் செய்தியை ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் சொல்லி முடிக்கிறது என்பதால், எர்த்தில் 0.3 வோல்ட் ஏறினாலே கட்டுப்பாட்டுக் கருவி தவறான செய்தியைப் படிக்க நேரிடலாம். இதனால்தான் அத்தகைய கார்களில் சென்சார்களின் எர்த் தனியாகப் பிரித்து அமைக்கப்படுகிறது, அதனை ஹாரனின் எர்த்தோடு முடிச்சுப் போட்டு வசதி செய்துகொள்வது பெரும்பிழை. வண்ண வண்ணக் கேபிள்களோடு விற்கப்படும் 'எர்த்திங் கிட்'கள் மைலேஜைக் கூட்டும், பிக்கப்பை உயர்த்தும் என்னும் விளம்பரங்களைப் பொறுத்தவரை, கெட்ட எர்த்தை அவை ஈடுகட்டக்கூடும், நல்ல எர்த்துக்கு அவை சேர்ப்பது எதுவுமில்லை. துருவை மறைத்துக்கொண்டு மேலே புதுக் கேபிள் போடுவது எவ்வகையிலும் பழுதுபார்ப்பு ஆகாது.

வேலை முடிந்ததும் அதே சோதனையை அதே புள்ளிகளில் மறுபடியும் செய்து, கிடைத்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வைத்துவிட வேண்டும். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன், புரட்டாசியில் ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும். சென்ற ஆண்டு 0.15 இருந்த இடத்தில் இவ்வாண்டு 0.3 வந்தால், எந்தப் போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.